எடுத்தது இரண்டு, விட்டது ஐந்து

மூன்றாக மடிக்கும் ஓர் அட்டை. வெளிர்பச்சை நிறம். விரித்தால் இருபத்தைந்து வரிகள், ஆறு கட்டங்கள்: திகதி, மீனின் இனம், எண்ணிக்கை, நீளம், நிறை, கடைசியாகக் குறிப்பு. முதல் ஐந்தையும் நிரப்பியே ஆகவேண்டும். ஆறாவது கட்டத்தில் யாரும் எதுவும் எழுதுவதில்லை. எங்கள் மீன்பிடிக் கழகத்தில் அந்த வருடம் நாற்பத்தொரு உறுப்பினர்கள். பருவம் முடிந்ததும் எல்லாருடைய அட்டைகளும் கழகத்துக்குத் திரும்பிப் போகும். நாற்பது அட்டைகளில் ஆறாவது கட்டம் வெறுமையாக இருந்தது. ஒன்றில் மட்டும் இருபத்துமூன்று வரிகளிலும் அது நிரம்பியிருந்தது. அதில் இருந்த கையெழுத்து என்னுடையது. கீழே இருந்த ஒப்பம் வேறொருவருடையது.

அந்த வேறொருவர் நான் வேலை செய்த ஜப்பானிய உணவகத்தின் தலைமைச் சமையற்காரர். ஜேர்மனியில் வேலைத்தலத்துப் பெரியவரை ஷெஃப் என்றுதான் அழைப்பார்கள். நானும் பத்தொன்பது வருடம் அப்படித்தான் அழைத்தேன். டுசல்டோர்ஃப் ரயில் நிலையத்துக்குக் கிட்ட, ஜப்பானியக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவுக்குப் பின்தெருவில் அந்த உணவகம். முப்பத்தெட்டு இருக்கைகள். சமையலறைக்கு மேலே, இருபத்தாறு படிகள் ஏறினால், அவருடைய அறை. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் ஜப்பானில். செவ்வாயிலிருந்து ஞாயிறுவரை அவர் கீழே இருப்பார். திங்கட்கிழமை கடை பூட்டு. இந்த நாட்டில் மீன்பிடிக்கத் தொடங்குவதற்கு முன்னர் திங்கட்கிழமைகளில் அவர் என்ன செய்தார் என்று ஒருமுறை கேட்டேன். "கத்தி தீட்டினேன்" என்றார்.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் நில அளவை அலுவலகத்தில் பதினொரு வருடம் கணக்கீட்டு எழுத்தராக இருந்தேன். அளப்பவர்கள் வெயிலில் சங்கிலி இழுத்து எழுதிவரும் எண்களை நிழலில் இருந்து கூட்டிப் பெருக்கிச் சரிபார்ப்பது என் வேலை. எண்பத்தாறில் இங்கே வந்தேன். நாலு வருடம் அந்தச் சமையலறையில் கோப்பை கழுவினேன். பிறகு களஞ்சியம் என் பொறுப்பில் வந்தது. அரிசி மூடை, சோயாப் போத்தல், காய்ந்த கடற்பாசிக் கட்டு எல்லாவற்றையும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை எண்ணுவேன். களஞ்சியத்தை ஜேர்மன் மொழியில் லாகர் என்பார்கள். ஷெஃப் அதோடு 'சான்' என்ற ஜப்பானிய மரியாதைச் சொல்லைச் சேர்த்து என்னை லாகர்-சான் என்று அழைத்தார். அவருடைய ஜேர்மனும் என்னுடையதும் இரண்டுமே நொண்டி. தமிழில் எழுதும்போது அவை நிமிர்ந்து நடப்பதுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. வீட்டைப் பூட்டினால் கைப்பிடியை மூன்றுமுறை இழுத்துப் பார்ப்பேன். ரயிலில் ஏறினால் நிலையங்களை எண்ணுவேன், மாறி இறங்கிவிடுவேனோ என்ற பயத்தில். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று நான் சொல்லவரவில்லை. எண்ணிக்கை என்பது யாருக்கும் தீங்கு செய்யாத வேலை என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

இந்த நாட்டில் தண்ணீரில் நூல் விடுவதற்கும் பரீட்சை எழுதவேண்டும். இரண்டாயிரமாம் ஆண்டு வசந்தத்தில் ஷெஃப் அந்தப் பரீட்சைக்கான விண்ணப்பத்தோடு களஞ்சியத்துக்கு வந்தார். அவருக்குச் சமையலறை ஜேர்மன் தெரியும், எழுத்து ஜேர்மன் தெரியாது. எழுத்து ஜேர்மனைச் சமையலறை ஜேர்மனில் மொழிபெயர்க்க வகுப்புக்குப் போன என்னையும் வகுப்பு ஆசிரியர் பெயர் பதிந்துகொள்ளச் சொன்னார். நூற்றுக்கணக்கான கேள்விகள் கொண்ட ஒரு புத்தகம். அதிலிருந்து அறுபது கேட்பார்கள். நான் எல்லாவற்றையும் இலக்கம் போட்டு மனப்பாடம் செய்தேன். பிறகு கடை பூட்டியிருந்த திங்கட்கிழமைகளில், இறைச்சி வெட்டும் மேசையில் எதிரெதிரே இருந்து, ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். செவுள் எத்தனை, எந்த மீனுக்கு எந்த மாதம் தடை, பிடித்த மீனை முதலில் தலையில் அடித்து மயக்கிப் பிறகுதான் வெட்டவேண்டும், இப்படி. ஒரு கேள்வியில் அவர் நின்றுவிட்டார். அனுமதிக்கப்பட்ட நீளத்துக்கு மேற்பட்ட மீனை, தடைக்காலம் இல்லாதபோது, திரும்ப ஆற்றில் விடலாமா? விடக்கூடாது என்பது சரியான விடை. உண்பதற்கு அல்லாமல் ஒரு மீனுக்கு வலி கொடுப்பது விலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிரானது.

"விடக்கூடாதா?" என்று கேட்டார்.

"விடக்கூடாது, ஷெஃப்."

"பெரிய தாய் மீனையும்?"

"பரீட்சையில் 'விடக்கூடாது' என்று கோடிடுங்கள்" என்றேன். கோடிட்டார்.

செய்முறைப் பரீட்சையில்தான் வேடிக்கை. மேசையில் கிடந்த துண்டுகளிலிருந்து ஒரு தூண்டிலைப் பொருத்திக் காட்டவேண்டும். அதில் நூல் சுற்றும் உருளை ஒன்று உண்டு. தன் ஊரில் ஏழு வயதிலிருந்து மீன்பிடித்த ஷெஃப் அந்த உருளையைக் கையிலெடுத்து, மிளகு அரைக்கும் கருவியைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரீட்சகர் சிரித்துவிட்டார். "ஐயா, இதற்கு முன் மீன் பிடித்ததே இல்லையா?" நான் மொழிபெயர்த்தேன். ஷெஃப் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதால் பிடித்ததில்லை" என்றார். இரண்டாம் தடவையில் சித்தியடைந்தார்.

அவருடைய தூண்டிலில் உருளை கிடையாது. நாலு மீற்றர் தடி, அதன் நுனியில் கட்டிய நூல், நூலின் நுனியில் ஒரேயொரு பொய்ப்பூச்சி. ஜப்பானின் மலை ஓடைகளில் அப்படித்தான் பிடிப்பார்களாம். தெங்காரா என்று அதற்குப் பெயர். பொய்ப்பூச்சியை அவரே சேவல் இறகில் கட்டுவார். எங்கள் கழகத்துக்காரர் பெட்டி பெட்டியாக நூறு வகை வைத்திருந்தார்கள். இவரிடம் ஒரே வகைதான். இறகுகள் பின்பக்கம் சாயாமல், காற்றில் திரும்பிக்கொண்ட குடைபோல முன்பக்கம் விரிந்திருக்கும். நீரோட்டம் அதை மூடும், அவர் தடியை ஒரு விரலளவு அசைக்கத் திறக்கும். மூடித் திறந்து மூச்சு விடுவதுபோல இருக்கும். நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு வீச்சில் ஆறு மூச்சு, கூடினால் ஏழு.

கழகத்தின் ஓடை ஐஃபல் மலைப்பக்கம். அதில் ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு. மூன்று வருடம் காத்திருப்புப் பட்டியலில் இருந்து, இரண்டாயிரத்து மூன்றில்தான் எங்கள் இருவருக்கும் அனுமதி கிடைத்தது. ஒரு ரயில், ஒரு பேருந்து, இருபத்தைந்து நிமிட நடை, எல்லாமாக இரண்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. நீர் முழங்காலளவு. கரையில் ஆல்டர் மரங்கள். அங்கங்கே மேசையளவு, கட்டிலளவு குழிகள். அந்தக் குழிகளில் புள்ளி விழுந்த ட்ரவுட் மீன்கள், தலையை நீரோட்டத்துக்குக் கொடுத்து நிற்கும். அதனால் கீழிருந்து மேலேதான் போகவேண்டும், மீனின் முதுகுப்பக்கமாக. மேலிருந்து கீழே வருகிறவனை மீன் பார்த்துவிடும்.

அவருடைய ஊரில் மீன்பிடிக்கு நிறைய முறைகள் இருந்தன. தகப்பனார் அதையே தொழிலாகச் செய்தவர். மலையில் வெந்நீர் ஊற்று விடுதிகளுக்கு மீன் கொடுப்பார். விடுதிக்காரி காலையில் வாசலில் மரச் சீட்டுகளைத் தொங்கவிடுவாளாம், ஒரு விருந்தாளிக்கு ஒரு சீட்டு. தகப்பனார் நின்று எண்ணிவிட்டு மலையேறுவார். எட்டுச் சீட்டென்றால் எட்டு மீன். ஒன்பதாவது மீன் தானே வந்து கொளுவினாலும் விட்டுவிடுவார். தட்டை விட நீளமான மீனையும் எடுப்பதில்லை. அது முட்டையிடும் மீன், அதை எடுத்தால் அடுத்த வருடத்துச் சீட்டுக்கு மீன் இருக்காது. இதைக் கேட்ட நாளிலேயே அந்த முறை எனக்குப் பிடித்துப்போனது. எண்ணி நடத்தும் தொழில் எதுவென்றாலும் எனக்கு மரியாதை வரும்.

இன்னொரு முறை, முன்னால் போகிறவரைத் தாண்டக்கூடாது என்பது. கீழ்ப்பாலத்தடியில் யாருடைய சைக்கிளோ காரோ நின்றால் மேலே உள்ள நீர் முழுவதும் அன்றைக்கு அவருடையது. ஒருமுறை இரண்டு மணி நேரம் பயணம் செய்துபோய் இறங்க, பாலத்தடியில் ஒரு நீலக் கார் நின்றது. ஷெஃப் அதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பினார். எனக்குப் பொறுக்கவில்லை. சுற்றிக்கொண்டு மேலே போய் இறங்கலாமே, அந்த மனிதர் எங்களைக் காணவே மாட்டாரே என்றேன்.

"காணமாட்டார். ஆனால் நாங்கள் மிதித்துக் கலைத்த தண்ணீரில் மாலைவரை நிற்பார். ஏன் ஒன்றும் வரவில்லை என்று அவருக்குத் தெரியாது. தன்னுடைய பிழை என்று நினைப்பார்" என்றார்.

நாங்கள் அடுத்த பேருந்துக்கு ஐம்பத்தைந்து நிமிடம் காத்திருந்து வீடு திரும்பினோம்.

இருவராகப் போனால், ஒருவர் ஒரு மீன் பிடித்ததும் பின்னுக்குப் போய் மற்றவருக்கு முன்னிடம் கொடுக்கவேண்டும். அந்த முறை எங்களுக்குச் சரிவரவில்லை. நான் பிடிப்பதே இல்லை, ஆகவே நாள் முழுதும் நான்தான் முன்னால் நிற்கவேண்டி வந்தது. பிறகு குழிக்குப் பத்து வீச்சு எனக்கு, மிச்சம் அவருக்கு என்று வைத்துக்கொண்டோம். பத்தையும் நான் சத்தமாக எண்ணுவேன். அவர் பின்னால் கல்லில் இருந்து சிரிப்பார்.

எங்கள் கணக்கில் வாய் இரண்டு. ஆகவே மீனும் இரண்டு, தட்டுக்கு அடங்கும் அளவில். கழகத்தின் விதிப்படி இருபத்தைந்து சென்ரிமீற்றருக்கு மேல் எல்லாம் எடுக்கலாம். சட்டத்தின்படி எடுத்தே ஆகவேண்டும். அவர் இரண்டு எடுத்ததும், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் திரும்ப ஓடைக்குத்தான். கையை நனைத்துக்கொள்வார், தூண்டில் முள்ளைச் சற்றுச் சரிப்பார், மீன் போய்விடும். போவதற்கு முன் நான் வலைக்குள் வைத்தே நாடாவால் நீளத்தை அளந்துகொள்வேன். அளக்கச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பிடிபட்டாலும் பிடிபடாவிட்டாலும் அவர்பாட்டுக்கு நின்றாலே நாள் போய்விடும் என்பதுபோல இருப்பார். அளப்பது என்னுடைய தேவை.

என் மனைவிக்கு இது ஒன்றும் விளங்கவில்லை.

"இஞ்சாருங்கோ, எத்தினை பிடிச்சனீங்கள்?"

"ஏழு."

"பையுக்குள்ள ஒண்டுதானே கிடக்கு?"

"அவருக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு. மிச்சம் அஞ்சும் விட்டாச்சு."

"விடுறதுக்கோ விடியக்காலமை என்னையும் எழுப்பித் தேத்தண்ணி போடுவிச்சனீங்கள்? பேசாமல் மீன்கடைக்குப் போய்ப் பாத்துப்போட்டு வந்திருக்கலாமே, பஸ்சுக்கும் நிக்கத் தேவையில்லை."

"அது அந்த மனுசன்ர முறை."

"அவற்ர முறை இருக்கட்டும். இண்டைக்குத் திங்கள், எனக்கு விரதம். அந்த ஒண்டையும் குசினிக்குள்ள கொண்டு வராதேங்கோ சொல்லிப்போட்டன். பல்கனியில வச்சுச் சுடுங்கோ, கீழ்வீட்டு மனுசி கத்தட்டும்."

ஒவ்வொரு திங்களும் திரும்பும் ரயிலில் இரண்டு அட்டைகளையும் நான்தான் நிரப்புவேன், என்னுடையதையும் ஷெஃபுடையதையும். என்னுடையதில் எண்ணிக்கைக் கட்டத்தில் பூச்சியம். அவருடையதில் இரண்டு. முதல் வருட முடிவில் கழகச் செயலாளர் அட்டைகளை வாங்கும்போது, இவ்வளவு சுத்தமாக நிரப்பிய அட்டைகளைத் தான் கண்டதில்லை என்றார். எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். ஐம்பத்தெட்டு வயதில் அந்தப் புகழ்ச்சி எனக்குத் தலைக்கேறியது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அலுவலக வேலையை விட்டுப் பதினேழு வருடத்துக்குப் பிறகு யாரோ ஒருவர் என் எழுத்தைப் பார்த்திருக்கிறார்.

அடுத்த வருடம் வெறுமையாகக் கிடந்த ஆறாவது கட்டம் என் கண்ணை உறுத்தத் தொடங்கியது. பிடித்தது ஏழாக இருக்க, இரண்டு என்று மட்டும் எழுதுவது அரைக் கணக்கு. ஒரு திங்கட்கிழமை, ரயில் சுரங்கத்தைக் கடந்து வெளிச்சத்துக்கு வந்ததும், சின்ன எழுத்தில் எழுதினேன்: 'பிடித்தது 7, எடுத்தது 2, விட்டது 5.' பக்கத்திலேயே விட்ட ஐந்தின் நீளங்களையும் சென்ரிமீற்றரில் எழுதினேன். பார்க்க வடிவாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் என் நாட்குறிப்பிலிருந்து முந்திய திங்கட்கிழமைகளுக்கும் எழுதிச் சேர்த்தேன். பரீட்சைக் கேள்வி எனக்கு நினைவிருந்ததா என்று கேட்பீர்கள். நினைவிருந்தது, இலக்கத்தோடு நினைவிருந்தது. ஆனால் சட்டம் ஒரு பக்கத்தில் இருந்தது, என் கணக்கு இன்னொரு பக்கத்தில் இருந்தது. இரண்டும் ஒரே அட்டையில் சந்திக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அறுபதுக்கு ஐம்பத்தெட்டு எடுத்தவனின் மூளை இவ்வளவுதான்.

ஒக்ரோபரில் பருவம் முடிந்ததும் அட்டையை ஷெஃபிடம் ஒப்பத்துக்குக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே, வரிவரியாக, விரலை வைத்துப் பார்த்தார். என் எழுத்தழகைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கடைசி வரிக்கு வந்ததும் விரல் சிறிது நேரம் அங்கேயே நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். "எல்லாம் இருக்கிறது" என்றார். "எல்லாம் இருக்கிறது, ஷெஃப்" என்றேன் நானும், பெருமையோடு. அவர் தன் மொழியில் ஒப்பமிட்டார்.

ஜனவரியில் கழகத்திலிருந்து இருவருக்கும் கடிதம் வந்தது. ஒரு டெர்மின், அதாவது நாளும் நேரமும், குறித்து அழைத்திருந்தார்கள். கழக வீட்டில் நீளமான மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நாங்கள் இருவர். நடுவில் கோப்பி, ஒரு தட்டில் பிஸ்கட் பதினாறு. மூவரில் நடுவில் இருந்தவர் கழகத்தின் நீர்க்காவலர், ஓய்வுபெற்ற ட்ராம் ஓட்டுநர். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு முன்னால் பச்சை அட்டை விரிந்திருந்தது. ஆறாவது கட்டத்துக்குச் சிவப்புப் பென்சிலால் கூட்டல் போட்டிருந்தார்.

"விட்டது அறுபத்தொன்று. அதில் இருபத்துநாலு அளவில் சின்னது, அதை விடத்தான் வேண்டும். மிச்சம் முப்பத்தேழு. ஐயா, முப்பத்தேழு தடவை சட்டத்தை மீறியிருக்கிறீர்கள். நாங்கள் எல்லாரும் புனிதர்கள் என்று நான் சொல்லவில்லை. யாராவது வாயால் வந்து சொல்லியிருந்தால் எனக்குக் காது கேட்கவில்லை என்று விட்டிருப்பேன். இது எழுத்தில் இருக்கிறது. நாளைக்கு அதிகாரி ஒருவர் வந்து கேட்டால் கழகத்தின் ஓடையே போய்விடும்."

கூட்டல் சரியா என்று நான் மனதுக்குள் பார்த்தேன். சரியாக இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன் என்பதை நினைக்க இப்போதும் கூசுகிறது.

நீர்க்காவலர் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே எழுத்து. என்னைப் பார்த்தார். "இதை எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை. கீழே ஒப்பம் இருக்கிறது. எனக்கு அது போதும். அவரிடம் கேளுங்கள், இது சரியா?"

நான் மொழிபெயர்த்தேன். ஷெஃப் அட்டையைப் பார்த்தார். "சரி" என்றார். எழுந்து நின்று, மூவருக்கும் சேர்த்து ஒருமுறை தலை தாழ்த்தினார்.

அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கவேண்டும். இவர் எழுதச் சொல்லவில்லை, என் புத்தியில் நானே எழுதினேன், இவருக்கு இந்த மொழி வாசிக்கத் தெரியாது. சொல்லியிருந்தால் ஒருவேளை எச்சரித்து விட்டிருப்பார்கள். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கூட ஒரு சொல் சொல்லாதே. பதின்மூன்று வருட அகதி விசாரணைகளில் எனக்குப் படிந்த பாடம் அது. அப்போது என் பையில் ஜேர்மன் கடவுச்சீட்டு இருந்தது. ஒரு மீன்பிடிக் கழகம் என்னை எந்த நாட்டுக்கும் திருப்பி அனுப்பப் போவதில்லை. அது அறிவுக்குத் தெரிந்தது. நாக்குக்குத் தெரியவில்லை.

அதிகாரிகளிடம் போகமாட்டோம், ஆனால் அனுமதியைப் புதுப்பிக்க முடியாது என்றார்கள். பட்டியலில் திரும்பவும் சேரமுடியாது என்றும் சொன்னார்கள். என் அட்டையை நீர்க்காவலர் மூடித் தந்தார். "இருபத்துமூன்று நாள், பூச்சியம் மீன். உங்களால் எங்கள் மீனுக்கு ஆபத்தில்லை" என்று சிரிக்கப் பார்த்தார். என் அனுமதி புதுப்பிக்கப்பட்டது. மீனே பிடிக்கத் தெரியாதவனுக்கு ஓடை கிடைத்தது.

பேருந்துத் தரிப்பிடத்தில் ஷெஃப் ஒன்றே ஒன்று சொன்னார்: "கோப்பி நல்லாயிருந்தது."

அந்த மார்ச்சில் பருவம் திறந்தபோது நான் போகவில்லை. இரண்டு திங்கள் வீட்டிலேயே இருந்தேன். மூன்றாவது திங்களுக்கு முதல்நாள் ஷெஃப் களஞ்சியத்துக்கு வந்தார். "போங்கள், லாகர்-சான். வந்து தண்ணீர் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார்.

அப்படித்தான் மூன்று பருவம் நடந்தது. காலையில் தனியே போவேன். பின்னேரம் உணவகத்தின் பின்கதவைத் தட்டுவேன். மூடியிருந்த சமையலறையில், ஒரு விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு, ஷெஃப் கத்தி தீட்டிக்கொண்டிருப்பார். எனக்குத் தேநீர் ஊற்றி வைத்திருப்பார். நான் நாட்குறிப்பைத் திறந்து வாசிப்பேன். கீழ்ப்பாலத்தில் தண்ணீர் மூன்றாவது கல்லுக்கு மேலே. இரண்டாம் குழியில் மீன் எழும்பிய நீர்வளையம் பதினொன்று, வேருக்கடியில் ஒரு பெரிய மீன், முப்பத்தைந்து இருக்கும். விழுந்த மரம் இன்னும் எடுக்கவில்லை. அவர் தீட்டுவதை நிறுத்திக் கேட்பார். "எந்தப் பக்கத்து வேர்?" என்பார். சொன்னதும் கண்ணை மூடிக்கொள்வார். காற்பந்து உலகக் கிண்ணம் நடந்த கோடையில் தெரு முழுக்க ஆரவாரம். நாங்கள் இருவரும் அந்த விளக்கடியில் இருந்து வேர்களைப் பற்றிப் பேசினோம். ஒவ்வொரு முறையும் வாசித்து முடித்து நாட்குறிப்பை மூடும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். தேநீர் முடியும். எழுந்து வருவேன். எழுபத்திரண்டு பின்னேரங்கள் அப்படி எழுந்து வந்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஏழு செப்ரெம்பரில் ஷெஃபுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. நகரத்து விளிம்பில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். பேச்சு திரும்பியது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல வந்தது. கை திரும்பவில்லை. நவம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, வாசலிலேயே மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனேன்.

"ஷெஃப், அந்த அட்டையில் விட்ட மீன்களை எழுதியது நான். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த மேசையில் அதைச் சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை."

"தெரியும்" என்றார்.

"நான் எழுதியது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது."

"இலக்கம் வாசிப்பேன், லாகர்-சான். ஏழு, இரண்டு, ஐந்து. ஒப்பமிட முதல் எல்லாவற்றையும் வாசித்தேன்."

"பிறகேன் ஒப்பமிட்டீர்கள்?"

அவர் சொற்களைச் சேர்க்க நேரம் எடுத்தது. "சட்டத்தை எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள். விடக்கூடாது என்று சொன்னீர்கள். நான் விட்டேன். உங்களுக்கு அது மனதுக்குப் பொருந்தவில்லை, முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சம், அதனால் அவர்களுக்கு எழுதிவிட்டீர்கள் என்று நினைத்தேன். எழுதியது உண்மை. அதன் கீழே பெயர் போடமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?"

அப்படியானால் மூன்று வருடமாக, தன்னைக் காட்டிக்கொடுத்தவன் என்று நம்பிக்கொண்டே எனக்குத் தேநீர் ஊற்றியிருக்கிறார்.

"இல்லை, ஷெஃப். அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. நான் சும்மா எண்ணினேன். கட்டம் வெறுமையாக இருந்தது. வடிவாக இருக்கட்டும் என்று எழுதினேன்."

இதற்குக் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். காட்டிக்கொடுத்தவனுக்காவது ஒரு காரணம் இருந்திருக்கும். என்னிடம் அதுவும் இருக்கவில்லை. அவர் இடக்கையால் கட்டிலின் கம்பியைப் பிடித்து, உடம்பை முன்னுக்கு இழுத்தார். பாதி உடம்புதான் வந்தது. அப்படியே தலையைத் தாழ்த்தினார்.

"மூன்று வருடம் உங்களைப் பிழையாக நினைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

நான் நாற்காலியில் இருந்தேன். தாதி ஒருத்தி சாப்பாட்டுத் தட்டோடு வந்து அவரை நிமிர்த்திப் படுக்க வைக்கும்வரை தலை தாழ்ந்தே இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி குசினியில் நின்றாள். நான் எதற்குப் போனேன் என்று அவளுக்குத் தெரியும்.

"சொல்லிப்போட்டீங்களோ?"

"ஓம்."

"கோவிச்சாரோ?"

"இல்லை. மன்னிப்புக் கேட்டார்."

"ஆர், ஆரிட்டை?"

"அவர், என்னட்டை."

அவள் அடுப்பை நிறுத்தினாள். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"அண்டைக்கு அந்த மேசையிலயும் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து இருந்தாள். "அடுத்த திங்கள் நானும் வாறன். பாத்துப் பாத்து வாசிக்கிறதெண்டாலும் பரவாயில்லை, எழுதிக்கொண்டு வாங்கோ."

எழுதினேன். அந்த வாரம் முழுவதும் எழுதினேன். நீங்கள் மன்னிப்புக் கேட்கக்கூடாது, கேட்கவேண்டியவன் நான் என்று தொடங்கி ஜேர்மனில் நாலு வரி. அகராதி பார்த்து, வேற்றுமைகளைச் சரிபார்த்து, சுத்தமாகப் பிரதி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இல்லத்திலிருந்து தொலைபேசி வந்தது. முதல்நாள் பின்னேரம் இரண்டாவது தடவையாகப் பக்கவாதம் வந்து, ஷெஃப் போய்விட்டார். மகள் வந்து சாம்பலைக் கொண்டுபோனாள். ஓடையைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. கழகம் எனக்கு இன்னும் அனுமதி தருகிறது. பச்சை அட்டை ஜனவரியில் வருகிறது, வெறுமையாகத் திரும்பிப் போகிறது. தண்ணீர் மூன்றாவது கல்லுக்கு மேலேயா கீழேயா என்று கேட்க யாரும் இல்லை. திங்கட்கிழமை ரயிலில், சுரங்கத்துக்குள் கண்ணாடியில் என் முகம் தெரியும்போது, அந்த நாலு வரியையும் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். இப்போது தாளைப் பார்க்கத் தேவையில்லை. ஒரு பிழையும் வருவதில்லை.